செவிலித் தாவரம்

செவிலித் தாவரம் என்பது வறண்ட அல்லது வளம் குறைந்த சூழலில், தனது நிழலிலும் காப்பிலும் பிற தாவர இனங்களின் நாற்றுகள் முளைத்து வளர இடமளிக்கும் வளர்ந்த தாவரம் ஆகும். செவிலித்தாய் தான் ஈன்றெடுக்காத குழந்தையை வளர்ப்பது போல, இத்தாவரமும் தன் விதையிலிருந்து தோன்றாத நாற்றுக்குப் பாதுகாப்பாக அமைகிறது. பாலைவனங்களில் தாவரங்கள் சீராகப் பரவியிராமல், வெற்று நிலத்தால் பிரிக்கப்பட்ட திட்டுகளாகக் காணப்படுவதற்கான முக்கிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

செயற்படும் முறை

செவிலித் தாவரம் நாற்றுக்குப் பல வழிகளில் உதவுகிறது. அவற்றுள் சில:

* நிழல்: கோடையில் மண்ணின் வெப்பநிலையையும் நீர் ஆவியாவதையும் குறைக்கிறது. குளிர்கால இரவுகளில் தரையின் வெப்பம் விரைவில் வெளியேறாமல் தடுத்து, உறைபனியிலிருந்து காக்கிறது.
* வளத் தீவு: உதிர்ந்த இலைகளும், காற்றும் நீரும் கொண்டுவரும் நுண்மண்ணும் புதரின் அடியில் சேர்கின்றன. இதனால் அங்குள்ள மண்ணில் நைதரசன் முதலிய ஊட்டங்கள் வெற்று நிலத்தைவிட மிகுந்திருக்கும்.
* நீர் உயர்த்தல்: சில தாவரங்களின் ஆழமான வேர்கள் உறிஞ்சும் நீரின் ஒரு பகுதி, இரவில் மேல்வேர்கள் வழியாக வறண்ட மேல்மண்ணில் கசிகிறது. அருகிலுள்ள சிறு தாவரங்களும் அந்நீரைப் பெறலாம்.
* காப்பு: முட்களும் அடர்ந்த கிளைகளும் மேயும் விலங்குகளிடமிருந்து நாற்றை மறைக்கின்றன.

இவ்வுதவி நோக்கத்துடன் செய்யப்படுவதன்று. வளர்ந்த தாவரத்தின் இருப்பே சுற்றியுள்ள சூழலை மாற்றுகிறது. அம்மாற்றத்தால் நாற்று பயனடைகிறது.

சகுவாரோ கள்ளி

செவிலித் தாவரத்துக்கு நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு, ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிக்கோவின் சொனோராவிலும் வளரும் சகுவாரோ கள்ளி ஆகும். 12 மீட்டர் அல்லது அதற்கு மேலும் வளர்ந்து, 150 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய இக்கள்ளி, தொடக்கத்தில் மிக மெதுவாக வளர்கிறது. முதல் எட்டு ஆண்டுகளில் அதன் உயரம் சில சென்ரிமீட்டர்களே. இப்பருவத்தில் வெயில், உறைபனி, கொறி விலங்குகள் ஆகியவற்றால் பெரும்பாலான நாற்றுகள் அழிகின்றன.

பிழைப்பவற்றுள் பெரும்பாலானவை பாலோ வெர்டே, அயன்வுட் போன்ற அவரைக் குடும்ப மரங்களின் அடியில் வளர்பவை. கள்ளிப் பழத்தைத் தின்னும் பறவைகள் இம்மரங்களில் அமர்ந்து எச்சமிடுவதால், விதைகளும் அங்கேயே விழுகின்றன. 1960-களில் ரேமண்ட் டர்னரும் உடன் ஆய்வாளர்களும் நாற்றுகளை நட்டுச் செய்த சோதனைகள், அவை பிழைக்க நிழல் இன்றியமையாதது என்பதைக் காட்டின.

இவ்வுறவு நிலையானதன்று. வளர்ந்த சகுவாரோவின் வேர்கள் ஆழம் குறைந்து, அகலமாகப் பரவியுள்ளன. மழைநீர் மரத்தின் ஆழமான வேர்களை அடையுமுன் கள்ளி அதனை உறிஞ்சிக்கொள்கிறது. சகுவாரோவை அடுத்துள்ள பாலோ வெர்டே மரங்களில் கிளைகள் பட்டுப்போவதும் மரங்கள் இறப்பதும் அதிகம் என யோசப் மெக்காலிஃப் 1984-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதாவது, செவிலியாக இருந்த மரமே காலப்போக்கில் போட்டியில் தோற்கிறது. பின்னர் கள்ளியும் முதிர்ந்து விழ, அவ்விடம் மீண்டும் வெற்று நிலமாகிறது.

தவறான கணிப்பு

அரிசோனாவில் 1933-இல் அமைக்கப்பட்ட சகுவாரோ தேசிய நினைவிடத்தில் (1994 முதல் தேசியப் பூங்கா) முதிர்ந்த கள்ளிகள் அழுகி இறப்பது 1940 அளவில் கவலையை ஏற்படுத்தியது. பாக்டீரிய நோயே காரணம் எனக் கருதி, நோயுற்ற கள்ளிகளை வெட்டிப் புதைக்கும் சோதனை 1941-இல் தொடங்கியது. அது பயன் தரவில்லை.

முதிர்ந்த கள்ளிகள் இறப்பதில் உறைபனிக்குப் பெரும் பங்கு உண்டு எனப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. உண்மையான குறை, இறந்தவற்றின் இடத்தை நிரப்ப இளம் கள்ளிகள் இல்லாததே. பல பத்தாண்டுகளாக விறகுக்கு மரங்கள் வெட்டப்பட்டதாலும் கால்நடைகள் மேய்ந்து மிதித்ததாலும் செவிலி மரங்களும் நாற்றுகளும் அழிந்திருந்தன. மேய்ச்சல் நிறுத்தப்பட்ட பின்னர் இளம் கள்ளிகள் மீண்டும் தோன்றின.

கோட்பாடு

தாவரக் குமுகங்களை உருவாக்குவது பெரிதும் போட்டியே என்பது நீண்ட காலம் நிலவிய கருத்து. சூழலின் கடுமை கூடக்கூடப் போட்டியின் பங்கு குறைந்து, உதவியின் பங்கு கூடும் என மார்க் பெர்ட்னஸ், ரகன் கால்வே ஆகியோர் 1994-இல் முன்வைத்தனர். இது 'நெருக்கடிப் படித்தரக் கருதுகோள்' எனலாம். எனினும் நீர் மிகவும் அரிதாகும் நிலையில், செவிலித் தாவரமே கிடைக்கும் நீரை உறிஞ்சிவிடுவதால் உதவி மறைந்து போகலாம் எனச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே எல்லாப் பாலைநிலங்களுக்கும் இக்கருதுகோள் ஒரேபோல் பொருந்தாது.

பயன்பாடும் அச்சுறுத்தலும்

மரம் நடுமுன் புதர்களை அகற்றுவது காடு வளர்ப்பில் வழக்கமான முறையாக இருந்தது. தெற்கு எசுப்பானியாவின் சியெர்ரா நெவாடா மலைகளில் 2000-களில் வெளியான ஆய்வுகள், புதர்களின் அடியில் நடப்பட்ட நாற்றுகள் வெட்டவெளியில் நடப்பட்டவற்றைவிட நன்கு பிழைப்பதைக் காட்டின. புதர்களை அகற்றுவது, நடப்படும் நாற்றுகளின் காப்பையே அகற்றுவதாக முடியலாம்.

சொனோராப் பாலைவனத்துக்கு இன்றுள்ள பெரிய அச்சுறுத்தல்களுள் ஒன்று, தமிழ்நாட்டில் கொழுக்கட்டைப் புல் எனப்படும் தீவனப் புல் ஆகும். கால்நடைத் தீவனத்துக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் கொண்டுவரப்பட்ட இப்புல், செடிகளுக்கு இடையேயான வெற்று நிலத்தை நிரப்பித் தீ பரவ வழி செய்கிறது. முன்னர் திட்டுகளுக்கு இடையே எரிபொருள் இல்லாததால் தீ பரவுவது அரிது. தீக்குப் பழகாத பாலோ வெர்டேயும் சகுவாரோவும் ஒன்றாக எரியும்போது, அடுத்த தலைமுறைக்கான செவிலியும் இல்லாமற் போகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* பாலைவனம்
* சூழலியல் வழிமுறை வளர்ச்சி
* கள்ளி