விளைச்சல் ஓரிடம், எடைமேடை வேறிடம்: ரிஷிவந்தியத்தின் வேளாண் வரலாறு

தென்பெண்ணை ஆற்றுக்கும் மணிமுக்தா ஆற்றுக்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்தில், தியாகதுருகத்துக்கு வடக்கே அமைந்துள்ள ரிஷிவந்தியம், ஒரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கும் பெயர் தந்த ஊர். 2011ஆம் ஆண்டுத் தேர்தலில் விஜயகாந்த் இத்தொகுதியில் வென்று எதிர்க்கட்சித் தலைவரானபோது அதன் பெயர் தமிழகம் முழுவதும் பரவியது. ஆயினும் சுற்றுவட்டாரத்தில் கள்ளக்குறிச்சி நகராட்சியாகவும், தியாகதுருகம், சங்கராபுரம், மணலூர்பேட்டை ஆகியவை பேரூராட்சிகளாகவும் உயர்ந்துவிட்ட நிலையில், ரிஷிவந்தியம் இன்றும் ஊராட்சியாகவே நீடிக்கிறது. மண்வளத்தாலோ மழையாலோ இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. ஏனெனில் இவ்வூர்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே வகை நிலத்தை உழுது, ஒரே பருவமழையை எதிர்பார்த்து வாழ்ந்தவை. விளைந்த பொருள் எங்கே நிறுக்கப்பட்டது, நிலத்தின் ஆவணம் எங்கே முத்திரை பெற்றது என்ற இரண்டு கேள்விகளே இவ்வட்டாரத்துச் சிற்றூர்களின் வளர்ச்சி வேகத்தைத் தீர்மானித்தன என்று கொள்வதே பொருத்தம்.

சோழநாட்டுக்கும் தொண்டை நாட்டுக்கும் நடுவே கிடந்ததால் நடுநாடு எனப்பட்ட இப்பகுதி, சங்க காலத்தில் திருக்கோவிலூரைத் தலைமையிடமாகக் கொண்ட மலையமான்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ரிஷிவந்தியத்தின் அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் தேன் அபிஷேகத்தின்போது இலிங்கத் திருமேனியில் அம்மையப்பர் வடிவம் தோன்றும் என்பது இவ்வூராரின் நெடுங்கால நம்பிக்கை. பழைய ஊர் கோயிலையும் ஏரியையும் மையமாகக் கொண்டே அமைந்தது. வற்றாத ஆறு எதுவும் இல்லாத இம்மேட்டில், மழைநீரைக் கரைகட்டித் தேக்கிய ஏரியும், அதன் மதகும், மிகைநீர் வழிந்தோடும் கலங்கலும், அடுத்த ஏரிக்கு அந்நீரைக் கொண்டுசேர்க்கும் வாய்க்காலும் ஒரே தொடராக இயங்கின. ஏரிப் பாசனம் பெற்ற நிலம் நஞ்சை எனவும், அது எட்டாத நிலம் புஞ்சை எனவும், வானத்தை மட்டுமே நம்பிய புஞ்சை மானாவாரி எனவும் அழைக்கப்பட்டது. நஞ்சையில் நெல்லும், புஞ்சையில் கம்பு, கேழ்வரகு, வரகு முதலிய தானியங்களும் விளைந்தன. கிணறு வைத்திருந்தவர்கள் கவலை ஓட்டினர். அதாவது, கிணற்றோரச் சரிவில் காளைகள் இறங்கும்போது வடத்தில் கட்டிய தோல்சால் நீரோடு மேலேறி வாய்க்காலில் கொட்டும், காளைகள் பின்னேறும்போது சால் மீண்டும் கிணற்றுக்குள் இறங்கும். ஒரு சோடி மாடும் ஓர் ஆளும் விடியற்காலையிலிருந்து உழைத்தும் நனைக்க முடிந்த பரப்பு சிறியதே என்பதால், புஞ்சையின் பெரும்பகுதி தரிசாகவோ தானியமாகவோ கிடந்தது.

1801இல் ஆற்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி ஆங்கிலேயர் வசமானபின், அரசு ஒவ்வோர் உழவரிடமும் நேரடியாக வரி கேட்கும் ரயத்துவாரி முறை தென்னாற்காடு மாவட்டத்தில் வேரூன்றியது. வரி பணமாகவும், கிஸ்தி எனப்பட்ட தவணைகளிலும் செலுத்தப்பட வேண்டியிருந்ததால், வீட்டுக்கு உண்ணவும் விதைக்கவும் போதுமான தானியம் இருந்த குடும்பமும் ஆண்டுதோறும் எதையேனும் விற்றாக வேண்டிய நிலைக்கு வந்தது. அந்தத் தேவைக்குப் பொருந்தி வந்த பயிர்தான் நிலக்கடலை. தென் அமெரிக்காவில் தோன்றி இங்கு வந்துசேர்ந்த இப்பயிர், இவ்வட்டாரத்தில் மணிலா என்றும், பேச்சு வழக்கில் மல்லாட்டை என்றும் இன்றுவரை வழங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாற்காட்டுக் கடலை பண்ருட்டிச் சந்தை வழியாகப் புதுச்சேரித் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து கப்பலேறி, பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்புத் தொழிலுக்கும் சென்றது. நூற்றாண்டின் இறுதியில் உள்ளூர் விதை நலிந்து விளைச்சல் சரிந்தபோது, கிழக்கு ஆப்பிரிக்கப் பக்கமிருந்து வந்த மாற்று விதைகள் பயிரை மீட்டன. 1905இல் பாலூரில் அரசு ஆய்வுப் பண்ணை தொடங்கப்பட்டதற்கும் இப்பயிரின் முக்கியத்துவமே காரணம். கம்பு விளைந்த மானாவாரிப் புஞ்சையில் ஆடிப்பட்டத்துக்கு மணிலா விதைத்த ஒருவர், கடலுக்கு அப்பாலுள்ள ஆலை முதலாளியின் தேவையோடு தம்மை அறியாமலே பிணைக்கப்பட்டார்.

தானியம் களத்திலிருந்து குதிருக்குப் போகும். பணப்பயிரோ களத்திலிருந்து மண்டிக்குத்தான் போயாக வேண்டும். மண்டிக்காரர் விதைப்புக் காலத்தில் முன்பணம் தந்து, அறுவடையில் சரக்கைத் தம்மிடமே கொண்டுவரச் செய்து, தரகு, கழிவு, கோயிலுக்கான மகமை எனப் பல பெயர்களில் பிடித்தம் செய்தார். எடைக்கல்லும் அவருடையது, கணக்கும் அவருடையது என்ற நிலையை மாற்றவே 1933இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. 1936இல் திருப்பூரில் பருத்திக்கெனத் தொடங்கிய முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தைத் தொடர்ந்து, பிற்காலத்தில் கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், திருக்கோவிலூர் போன்ற ஊர்களிலும் இத்தகைய கூடங்கள் அமைந்தன. அங்கு நடப்பது மறைமுக ஏலம்: உழவர் மூட்டையை அவிழ்த்துச் சரக்கைக் குவியலாகக் கொட்டிவைக்க, வணிகர்கள் ஒவ்வொரு குவியலாக வந்து ஒரு பிடி காய் எடுத்து, ஓட்டை உடைத்து, பருப்பின் திரட்சியையும் ஈரப்பதத்தையும் சோதித்து, தம் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் இடுவர், பெட்டி திறக்கப்பட்டு உயர்ந்த விலை அறிவிக்கப்பட்ட பின்னரே சரக்கு எடைக்குப் போகும். ஏலம் முடிந்து பணம் கைக்கு வரும்வரை கிடைக்கும் நேரத்தில்தான் உழவர் உரக்கடைக்கும் துணிக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் போகிறார். விற்பனைக்கூடம் அமைந்த ஊரில் கடைத்தெரு தழைப்பதும், விளைவிக்கும் ஊர் அதே ஓட்டு வீடுகளோடு நின்றுவிடுவதும் இதனால்தான். கருநாடகப் போர்களில் பலமுறை கைமாறி, 1761இல் பிரெஞ்சுப் படையிடமிருந்து ஆங்கிலேயர் வசமான மலைக்கோட்டை தியாகதுருகத்துக்கு முன்னரே ஒரு முக்கியத்துவத்தைத் தந்திருந்தது. இருப்புப்பாதையும் ரிஷிவந்தியத்தை எட்டவில்லை: விழுப்புரம்–காட்பாடி பாதை வடகிழக்கே திருக்கோவிலூர் வழியாகவும், சேலம்–விருத்தாசலம் பாதை தென்மேற்கே சின்னசேலம் வழியாகவும் சென்றன.

விடுதலைக்குப் பிந்தைய இருபத்தைந்து ஆண்டுகள் இவ்வட்டாரத்தின் நீரியலையே மாற்றின. 1958இல் தென்பெண்ணையில் சாத்தனூர் அணையும், 1960களில் கல்வராயன் மலையடிவாரத்தில் கோமுகி அணையும், அதை அடுத்து மணிமுக்தா அணையும் எழுந்தன. ஆயினும் அணைநீர் எட்டாத மேட்டுநிலத்தில் பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தது கிணற்று மின்மோட்டாரே. கவலை ஓட்டிய காளைகள் ஒரு தலைமுறைக்குள் மறைந்தன. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானபின் கிணறுகளின் ஆழம் கூடிக்கொண்டே போயிற்று. ஏரியின் மதகைப் பராமரிக்க ஊர் கூடிச் செய்த குடிமராமத்து வழக்கொழிந்ததற்கு அரசின் அலட்சியத்தை மட்டும் காரணமாகக் கூறுவது முழு உண்மையாகாது. தனிக்கிணறு வைத்திருந்தவருக்குப் பொது ஏரி தேவைப்படவில்லை என்பதும் அதில் அடங்கும்.

அந்தக் கிணற்று நீரை நம்பி வந்தது கரும்பு. தென்பெண்ணைக் கரையில் மூங்கில்துறைப்பட்டில் 1960களில் அமைந்த கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும், கச்சிராயபாளையத்தில் பின்னாளில் வந்த இரண்டாவது ஆலையும் இவ்வட்டாரக் கரும்பைப் பகிர்ந்துகொண்டன. கரும்பு பிற பயிர்களைப் போல உழவர் நினைத்த நாளில் வெட்டக்கூடியதன்று. நடவின்போதே ஆலையில் பதிவு செய்து, பருவம் வந்ததும் ஆலை வழங்கும் வெட்டு உத்தரவுக்குக் காத்திருந்து, உத்தரவு வந்ததும் ஆள் பிடித்து, வெட்டிய ஒரு நாளுக்குள் ஆலைக்கு அனுப்ப வேண்டும். தாமதித்தால் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். வெட்டுக்கூலி கொடுத்துவிட்டு வந்தவர், ஆலையின் எடைமேடையில் டிராக்டர் வரிசை நகரும்வரை இரவெல்லாம் காத்திருப்பதும், நிறுத்த கரும்புக்கான தொகை மாதக்கணக்கில் நிலுவையாவதும் பலமுறை நடந்தவையே. ஆனால் மண்டி தராத ஒன்றைக் கூட்டுறவு ஆலை தந்தது: பங்குதாரர் என்ற தகுதியும், அந்தத் தகுதியைக் கொண்டு வங்கியில் கடன் பெறும் வழியும். இந்தக் கடனில்தான் முதல் டிராக்டர்களும் தளம் போட்ட வீடுகளும் பல ஊர்களில் தோன்றின. இதிலும் ரிஷிவந்தியத்தின் பங்கு விளைவிப்பதே. எடைமேடை ஆற்றங்கரையில் இருந்தது.

மேற்கே தெரியும் கல்வராயன் மலையின் கதை வேறு. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் கீழ் இருந்த அம்மலையின் மலையாளிப் பழங்குடியினர், 1976இல்தான் நேரடி அரசு நிர்வாகத்துக்குள் வந்தனர். சமவெளியில் ரயத்துவாரிப் பட்டா தலைமுறைகளாக நிலத்தின் மேல் உரிமை தந்திருக்க, மலையில் அத்தகைய உரிமைக்கான போராட்டம் மிகத் தாமதமாகவே தொடங்கியது. மலையிலிருந்து இறங்கிய புளி, கடுக்காய், தேன் ஆகியவையும் அடிவாரச் சந்தைகளில் விலைபோய், கீழ்நாட்டு வணிகரையே வளர்த்தன.

நிலத்தின் ஆவணம் கடந்துவந்த பாதையும் இதே அளவு கவனத்துக்குரியது. எந்தப் புலத்தில் யார் என்ன பயிரிட்டார் என்பதைப் பதியும் அடங்கலும், ஒருவருக்குரிய நிலங்களைத் தொகுத்துக் காட்டும் சிட்டாவும் கர்ணம் எனப்பட்ட பரம்பரைக் கணக்கரின் வீட்டிலேயே இருந்தன, 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்து, தேர்வு மூலம் வரும் கிராம நிர்வாக அலுவலரை அமர்த்தியபோது, குறிப்பிட்ட சில குடும்பங்களின் கையிலிருந்த அதிகாரம் அகன்றது. மேல்மட்டத்தில், 1993 வரை ஆட்சியரைக் காணக் கடற்கரையோரக் கடலூருக்கும், விழுப்புரம் மாவட்டம் பிரிந்தபின் விழுப்புரத்துக்கும் சென்ற ரிஷிவந்தியத்து உழவர், 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபின் அரைநாளில் திரும்பிவரும் நிலைக்கு வந்தார். இதையடுத்து அண்மையில் உருவான புதிய வட்டம், பகண்டை கூட்டுரோட்டை ஒட்டிய வாணாபுரத்தின் பெயரைப் பெற்றது. கூட்டுரோடு என்பது இரண்டு மூன்று சாலைகள் சேருமிடத்தில் தேநீர்க்கடையும் பேருந்து நிறுத்தமுமாகத் தொடங்கிப் பின் கடைவீதியாக நீளும் குடியிருப்பு. கோயிலையும் ஏரியையும் சுற்றி அமைந்த பழைய ஊரைவிட, சாலைச் சந்திப்பை நம்பிய ஊரே இக்கால நிர்வாகத்துக்கு வசதியாகிவிட்டது.

மாவட்டத் தலைநகரத்தின் நெருக்கமும், உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலை நான்கு வழிச்சாலையானதும், 2022இல் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதும் சுற்றுப்புற நிலத்தின் விலையை உயர்த்தின. மணிலா விளைந்த புஞ்சையில் கல் நட்டு, கொடி கட்டி, மனைப்பிரிவு என விற்கும் வழக்கம் சாலையோரமெங்கும் பரவியது. அனுமதியற்ற மனைகளின் பதிவுக்கு 2016இல் உயர் நீதிமன்றம் தடைவிதித்தபின், அவ்வாண்டு அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு விதிகள் வகுத்தது. இன்று அத்தகைய மனை வாங்குபவர் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்க்கிறார். கிராம வரைபடத்தை அரிதாகவே கேட்கிறார். ஏரிக்கு நீர் வரும் வாய்க்கால் எந்தப் புல எண்ணின் ஓரமாகச் செல்கிறது என்பது அந்த வரைபடத்தில்தான் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை வலுத்த ஆண்டுகளில் அந்த வாய்க்கால் தன் பழைய தடத்திலேயே, புதிய வீடுகளின் நடுவே ஓடுகிறது.