கூலிக்குக் கட்டுப்பட்ட தங்கம்

தேவாலா, பந்தலூர் பக்கம் தேயிலைக் காட்டுக்குள் இறங்கினால் அட்டையைவிடக் குழிக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். உண்ணிச்செடி மூடிக் கிடக்கும். ஆழம் எவ்வளவு என்று கல்லைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். இங்கே பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவன் நான். ‘வெள்ளைக்காரன் தோண்டினது’ என்று ஒரே வரியில் பிள்ளைகளிடம் முடித்துவிட எனக்கு மனம் வந்ததில்லை.

முதலில் தோண்டியது வெள்ளைக்காரனும் இல்லை. பணியர், குறும்பர் பழங்குடியினர் அதற்கு வெகுகாலம் முன்பே ஓடைமணலை மரவையில் அள்ளி, தண்ணீரில் சுழற்றி, அடியில் தங்கும் கருமணலிலிருந்து தங்கப்பொடி பொறுக்கினார்கள். மேட்டிலிருந்து அடித்துச் செல்லப்பட்ட மீதி சாலியாற்றோடு நிலம்பூருக்குப் போனது. அங்கேயும் அரித்தார்கள். அரித்தவன் கையில் நின்றது அன்றைய கஞ்சிக்குத்தான். நிலம் ஜன்மி என்ற நிலக்கிழாருடையது, பணியனும் ஏறக்குறைய ஜன்மியுடையவன்தான்.

இந்தப் பகுதி அடங்கிய தென்கிழக்கு வயநாடு 1877இல் மலபாரிலிருந்து பிரிந்து நீலகிரியோடு சேர்ந்தது. அந்தச் சமயத்தில் இங்கே காப்பித் தோட்டங்களை இலைநோய் தின்றுகொண்டிருந்தது. தோட்டத்தை யார் தலையிலாவது கட்டிவிட முடியாதா என்று துரைமார் தவித்த நேரம். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணத்தின் சுரங்கத் துறையை நடத்திய ராபர்ட் பிரௌ ஸ்மித்தை, இங்கே இருக்கும் தங்கத்தைப் பார்த்துச் சொல்ல அரசாங்கம் வரவழைத்தது. 1880இல் அவர் நம்பிக்கையாக ஓர் அறிக்கை கொடுத்தார். அவ்வளவுதான், லண்டனில் பங்குச்சந்தை கொதித்தது. முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள், காகிதத்தில் சுமார் 40 லட்சம் பவுண்டு முதல். செத்த காப்பித் தோட்டமெல்லாம் தங்க வயல் விலைக்குப் போனது. பங்கு போட்டவன் பணத்தில் பெரும்பகுதி பாறையைத் தொடவே இல்லை. நிலம் விற்றவனுக்கும் கம்பெனி கிளப்பிவிட்டவனுக்கும் போய்விட்டது. அசல் தங்கம் எடுத்தவர்கள் அவர்கள்தான் என்பது என் கட்சி. பந்தலூரில் ஹோட்டல் வந்தது, குதிரைப் பந்தய மைதானம்கூட வந்தது. மேற்குக் கடற்கரையில் இறக்கிய இயந்திரங்களை மாட்டுவண்டியில் மலையேற்றினார்கள். மழையும் மலேரியாவும் தம் பங்கை எடுத்துக்கொண்டன.

பாறை மட்டும் யாரையும் ஏமாற்றவில்லை. அதைப் படித்த விதத்தில்தான் கோளாறு. வகுப்புக்கு நான் கொண்டுபோன வெள்ளைக்கல் துண்டு ஒன்று உண்டு. ஒரு பக்கம் வெள்ளை வெளேர் என்று கெட்டியாக இருக்கும். மறுபக்கம் துரு நிறத்தில் பொத்தல் பொத்தலாக, தேனடை மாதிரி. அந்தப் பொத்தல்களில் முன்பு இருந்தது பைரைட், கந்தகமும் இரும்பும் சேர்ந்த கனிமம். ஆதியில் பூமிக்குள்ளிருந்து வந்த வெந்நீர் பாறை வெடிப்புகளில் சிலிக்காவையும் பைரைட்டையும் துளித்துளித் தங்கத்தையும் படியவிட்டது. பிறகு யுகயுகமாகப் பெய்த மழை மேல்மட்டத்துப் பைரைட்டை அரித்துக் கரைத்தது. தங்கம் கரையாமல் தனியாக நின்றது. அதனால் மேலே கிடக்கும் கல்லை இடித்துப் பாதரசத்தில் விட்டால் தங்கம் ஒட்டிக்கொண்டு வரும். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனால் பைரைட் அப்படியே இருக்கிறது. தங்கம் அதற்குள் சிறைப்பட்டிருக்கிறது. பாதரசம் அதைத் தொட முடியாது. அதையும் பிரித்தெடுக்க உதவும் சயனைடு முறை 1887இல்தான் காப்புரிமை பெற்றது. அதற்குள் இங்கே கம்பெனிகள் கடையைக் கட்டிவிட்டன.

சயனைடு முன்னாலேயே வந்திருந்தாலும் பெரிதாகப் பிழைத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஹேடன், ஹாட்ச் என்ற இரு புவியியலாளர்கள் புவியியல் ஆய்வுத் துறைக்காக வந்து மாதிரி எடுத்து 1901இல் அறிக்கை போட்டார்கள். டன் கல்லுக்குச் சில கிராம். கம்பெனி நடத்தக் கட்டுப்படாது. இதே ஜுரத்தில் பிறந்ததுதான் கோலாரின் மைசூர் கம்பெனியும். அதுவும் மூடும் நிலைக்கு வந்து, கடைசி நேரத்தில் சாம்பியன் ரீஃப் கிடைத்துப் பிழைத்தது. அங்கே தொடக்கத்தில் டன்னுக்கு ஓர் அவுன்சுக்கு மேல் கிடைத்தது. அந்தக் கோலாரையே தரம் இறங்கி 2001இல் மூடினார்கள்.

இங்கே பிறகு தேயிலை வந்தது. 1964ஆம் வருஷ சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியவர்களுக்காக அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. இன்றைய டான்டீ அதுதான். ஹட்டன் பக்கம் கொழுந்து பறித்த எங்கள் குடும்பம் இந்தக் குழிகளுக்கு நடுவே குடியேறியது அப்படித்தான்.

தோட்டத்தில் வேலை குறைந்த நாட்களில் எங்கள் லயத்து ஆட்கள் சிலர் ராத்திரி குழிக்குள் இறங்குவார்கள். கல்லை எடுத்து வந்து உரலில் இடித்து, தண்ணீரில் அலசி, பாதரசம் சேர்த்து உருட்டுவார்கள். துணியில் பிழிந்தால் மிஞ்சும் வெள்ளை உருண்டையைக் கரண்டியில் வைத்துச் சுட்டால் மஞ்சளாகும். அந்தப் புகை நெஞ்சுக்குள் போவதைப் பற்றி யாரும் பேசியதில்லை. சட்டப்படி குற்றம், மண் சரிந்து செத்தவர்களும் உண்டு. ஆனாலும் ஒரு துணுக்குத் தங்கத்தை விற்றால் தோட்டக் கூலிக்கு மேல் நின்றது. பங்குதாரருக்கு ஈவு கொடுக்க வேண்டாம், கொதிகலன் வாங்க வேண்டாம், துரைக்குச் சம்பளம் வேண்டாம். அந்தக் கணக்குக்குச் சில கிராம் போதும். அரசாங்கம் குழிகளை மூடச் சொல்லும். கொஞ்ச நாள் கழித்துப் பக்கத்தில் புது மண் குவிந்திருக்கும்.