பற்றரி மாத்தாத மணிக்கூடு

1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் சனம் ரேடியோவில் செய்தி கேட்டது. நாங்கள் அந்தக் காலத்தைக் காணவில்லை. வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள். அதனாலோ என்னவோ, 'பற்றரி மாத்தத் தேவையில்லை' என்று ஒரு கைமணிக்கூட்டை விற்றால் நின்று பார்க்கிறோம். அந்த வாக்கை எவ்வளவு நம்பலாம்?

தானாகச் சாவி ஏறும் கைமணிக்கூட்டுக்கு 1924இல் காப்புரிமை பெற்றவர் ஜோன் ஹாவூட். பிரித்தானியர், மணிக்கூடு திருத்துகிறவர். சாவி கொடுக்கிற திருகு வழியாகத்தான் தூசியும் ஈரமும் உள்ளே போகுது என்று கண்டவர், அந்தத் திருகையே இல்லாமல் செய்தார். கை அசைய உள்ளே இருக்கும் எடை அசைந்து சுருள்வில்லை முறுக்கும். 1931இல் ரோலெக்ஸ் அந்த எடையை முழுவட்டமாகச் சுழல வைத்தது.

1969 டிசம்பர் 25இல் சீக்கோ தன் முதல் குவாட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்டது. அது மாதத்துக்கு 5 செக்கன் அளவில்தான் பிசகும். சாவியில் ஓடுவது ஒரு நாளிலேயே அவ்வளவு பிசகலாம். ஆனால் குவாட்ஸுக்குப் பற்றரி வேணும். பற்றரி செத்தால் துல்லியமும் செத்தது.

இரண்டு நன்மையையும் சேர்க்க முயற்சிகள் வந்தன. 1976இல் சிற்றிசன் வெளிச்சத்தில் ஓடும் முள் மணிக்கூட்டைக் கொண்டுவந்தது. 1980களின் கடைசியில் சீக்கோ, கையசைவில் மின்சாரம் உண்டாக்கி அதைக் கொள்ளளவியில் சேமிக்கும் மணிக்கூட்டை விற்றது. தொடக்ககாலக் கொள்ளளவிகள் சில வருடங்களில் பலவீனப்பட்டன. பிறகு மீள்மின்னேற்றக் கலம் வந்தது. அதுவும் கனகாலம் உழைக்கும், ஆனால் சாகாதது அல்ல. தானாகச் சாவி ஏறுவதற்கும் இடைக்கிடை கழற்றித் துடைத்து எண்ணெய் விடத்தான் வேணும்.

ஆக, பற்றரி மாத்தத் தேவையில்லை என்றால் ஒன்றுமே மாத்தத் தேவையில்லை என்று அர்த்தம் இல்லை. நேரம் பிசகாமல் இருப்பது ஒரு நம்பகம். நின்றுபோனால் திரும்ப ஓட வைக்கலாம் என்பது இன்னொரு நம்பகம். தடையையும் இடப்பெயர்வையும் கண்ட ஊருக்கு இரண்டாவதுதான் பெரிசு என்று நினைக்கிறோம். கண்ணில் வில்லையை மாட்டிக்கொண்டு சந்தியில் இருக்கும் திருத்துநர் இல்லாமல் போனால், எந்த மணிக்கூடும் ஒருநாள் நிற்கும்.

வாங்கப் போனால் கடையில் இதைக் கேளுங்கோ: இதில் முதல் பழுதாகிறது எது, அது இங்க கிடைக்குமோ?