தலைமுடியை அடக்கிய கொட்டமுத்து

டவுன் பிள்ளைகள் தலைக்குத் தடவுற வாக்ஸ் டப்பாவைத் திருப்பிப் பாருங்க. பல டப்பாக்களில் தேன்மெழுகும் விளக்கெண்ணெயும் இருக்கும். ரெண்டுமே எங்க பக்கத்துச் சரக்கு.

முடியைப் படிய வைக்கிற ஆசை ரொம்பப் பழசு. 2003-ல் அயர்லாந்துச் சதுப்பு நிலத்தில் கிடைச்ச ஒரு ஆளோட உடம்பு 2,200 வருஷத்துக்கும் மேல பழசு. அவர் தலையில் தாவர எண்ணெயும் பைன் மரப் பிசினும் கலந்து பூசியிருந்துச்சு. 19-ம் நூற்றாண்டு லண்டனில் மக்காசர் எண்ணெய் மோகம். நாற்காலி முதுகெல்லாம் கறை. கறை படாம இருக்கப் போட்ட துணிக்கு ஆன்டிமக்காசர்னே பேரு வெச்சாங்க. நம்ம சொகுசு பஸ் சீட்டுத் தலைமாட்டில் கிடக்கிற துணி அந்த வம்சம்தான். 1928-ல் இங்கிலாந்தில் பிரில்கிரீம் வந்தது, அதிலயும் தேன்மெழுகு.

எங்க ஊரில் அந்த வேலையைச் செஞ்சது கொட்டமுத்து, அதாவது ஆமணக்கு. காயைக் களத்தில் காயப் போட்டா படபடன்னு வெடிச்சு முத்து சிதறும். அதை வறுத்து, உரல்ல இடிச்சு, தண்ணியில கொதிக்க விட்டா எண்ணெய் மிதக்கும். வழிச்செடுத்து, ஈரம் போக மறுபடி காய்ச்சணும். பூரா அப்பத்தாமார் வேலை. தேங்காயெண்ணெய் வெயிலுக்கு நெத்தியில வழியும். இது கெட்டி, வெச்ச இடத்தில் நிக்கும்.

மீசைக்கு இது பத்தாது, மெழுகு வேணும். தேன் பிழிஞ்ச அடையை வெந்நீரில் உருக்கி, துணியில் வடிச்சு ஆறவிட்டா மெழுகு மேலே தட்டா உறையும். ஒரு பங்கு மெழுகுக்கு மூணு பங்கு விளக்கெண்ணெய். வெந்நீர்ச் சட்டிக்குள்ள கிண்ணத்தை வெச்சு உருக்குங்க, நேரா அடுப்பில் வேண்டாம். மெழுகு கூடினா முறுக்கு நிக்கும், குறைஞ்சா தலைக்கு ஆகும்.

இதே எண்ணெய்தான் முதல் உலகப்போரில் விமான எஞ்சினுக்கும் போச்சு. காஸ்ட்ரால்ங்கிற பேரே ஆமணக்கோட இங்கிலீஷ் பேரிலிருந்து வந்தது.

இன்னைக்கு நாட்டு விளைச்சலில் பெரும்பகுதி குஜராத்தில். எங்க வரப்பில் டிராக்டர் திரும்ப இடம் வேணும்னு முதல்ல வெட்டினது கொட்டமுத்துச் செடியைத்தான். இடிக்கவும் காய்ச்சவும் ஆளில்லை, அதனால யாரும் தடுக்கலை. எண்ணெய் போனதுகூடப் பரவாயில்லை, கடையில பாட்டில் கிடைக்குது. கடலைக்காட்டு ஓரத்தில் அந்தச் செடி நின்னா புரொடீனியாப் புழுவோட தாய் அந்துப்பூச்சி அதோட அகல இலையைத் தேடிப் போய் முட்டை வைக்கும். இலையைத் திருப்பிப் பார்த்து, முட்டைக் குவியலோட கிள்ளி நசுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. இப்போ அதுக்கு மருந்துக்கடைக்குப் போறோம்.