தோற்பொருள் பேணுதல் (மீஞ்சூர் வட்டாரம்)

தோற்பொருள் பேணுதல் என்பது, பதனிட்ட தோலினால் செய்த பை, இடைவார், பணப்பை, செருப்பு முதலிய வஸ்துக்களை ஈரம், உப்பு, உஷ்ணம், பூஞ்சணம், நச்சுவாயு ஆகியவற்றினின்றும் காத்து, அவற்றின் நெகிழ்ச்சியும் உறுதியும் நெடுநாள் நிலைக்குமாறு செய்வதாகும். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த மீஞ்சூர், கிழக்கே கடலும் எண்ணூர்க் கழியைச் சார்ந்த உப்பளங்களும், அருகே அனல்மின் நிலையங்களும் இரும்புப் பட்டறைகளும் சூழ்ந்த ஊராதலின், தோலுக்குப் பகையானவை அனைத்தும் அங்கு ஒருங்கே கூடியிருக்கின்றன. ஆகவே, எந்த எண்ணெய் பூசுவது என்று ஆராய்வதற்கு முன், கையிலுள்ள பை எதைக் கொண்டு பதனிடப்பட்டது என்று அறிந்துகொள்வதே இவ்வூரார்க்கு முதற்காரியமாகும்.

தமிழ்நாட்டின் பழைய முறையாவது, சுண்ணாம்பிட்டு மயிர் நீக்கிய தோலை ஆவாரம்பட்டையின் துவர்ச்சத்தில் பல நாள் ஊறவைத்து, பின் கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் தடவி உலர்த்துவது. ‘கிழக்கிந்தியத் தோல்’ என்னும் பெயரால் சீமைச் சந்தையில் விலைபோன இத்தோலுக்கு இக்காலத்தில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பிற்பாடு வந்த குரோமிய உப்பு முறைக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் 1884இல் காப்புரிமை பெற்றார். சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் அதனைப் புகுத்தினார். பல்லாவரத்தை அடுத்து எழுந்த குரோம் தோல் தொழிற்சாலையே குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது. வெட்டிய ஓரம் உள்வரை பழுப்பாக இருந்து, ஒரு துளி நீர் பட்டவுடன் கறுத்துப்போவது பட்டைத் தோல். ஓரத்தில் நீலஞ்சார்ந்த சாம்பல் நிறம் காட்டி, நீரை எளிதில் உறிஞ்சாதிருப்பது பெரும்பாலும் குரோமியத் தோல். சாயம் ஆழ ஊறிய தோலில் இச்சோதனை ஏமாற்றுவதும் உண்டு.

அழகிலும் மணத்திலும் பட்டைத் தோலுக்கு இணையில்லை என்பது உண்மையே. ஆனால் அதன் பலவீனமும் மறைக்கத்தக்கதன்று. விளக்கு வாயுவின் புகை புத்தகக் கட்டுத் தோலை அரிக்கிறது என்று மைக்கேல் பாரடே 1843இலேயே சுட்டிக்காட்டினார். பின்னர், 1900இல் லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் நியமித்த குழு, கட்டுத் தோல்கள் சிவந்து பொடியாக உதிர்வதன் காரணத்தை ஆராய்ந்து, நம் நாட்டிலிருந்து சென்ற கிழக்கிந்தியத் தோல் அந்நோய்க்கு மிக எளிதில் ஆட்படுவது என்று கண்டது. நிலக்கரி எரிவதால் எழும் கந்தக டையாக்சைடைத் தோல் உட்கொள்ள, அது உள்ளேயே கந்தக அமிலமாக மாறி நார்களை அறுத்துவிடுகிறது. 1970 முதல் 2017 வரை எண்ணூர் அனல்மின் நிலையமும், 1994 முதல் வடசென்னை அனல்மின் நிலையமும் நிலக்கரி எரித்த இவ்வட்டாரத்தில், பட்டைத் தோற்பையைத் திறந்த சன்னலருகே ஆண்டுக்கணக்கில் மாட்டி வைப்பது அதனை அறிந்தே அழிப்பதற்கு ஒப்பாகும். ஒருமுறை சிவந்து உதிரத் தொடங்கிய தோலை எவ்வெண்ணெயும் மீட்பதில்லை. குரோமியத் தோல் இவ்வாயுவை வெகுவாகத் தாங்கும். ஆதலின் நாள்தோறும் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் எடுத்துச் செல்லும் பைக்கு அதுவே தக்கது.

இரும்பு மற்றொரு பகை. அன்னபேதி என்னும் இரும்பு உப்பையும் கடுக்காயையும் கூட்டி நம் முன்னோர் எழுத மை காய்ச்சினார்கள். அதே ரசாயனமே, பட்டறைத் தூளோ துருவேறிய கொக்கியோ ஈரமான பட்டைத் தோலைத் தொடும்போதும் நிகழ்ந்து, கருநீலக் கறையை உண்டாக்குகிறது. கறை புதிதாயிருக்கையில் எலுமிச்சைச் சாற்றை நீர் கலந்து ஒற்றினால் ஓரளவு மங்கும். பிறகு அச்சாறு தோலில் தங்காதபடி ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் அவசியம். பித்தளைக் கொக்கிகள் வைத்த பையை வாங்குவதே இதற்குச் சிறந்த பரிகாரம்.

உப்புக் காற்று படிந்த பையைப் பிழிந்த மென்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தவேண்டும். சோப்பு கூடாது, தோல் இயல்பில் சிறிது அமிலத்தன்மை உடையது, சோப்போ காரத்தன்மை உடையது. மழையில் நனைந்த பையினுள் பழைய துணியைத் திணித்து, வடிவம் கெடாமல் காற்றில் ஆறவிட வேண்டுமேயன்றி அடுப்பருகே வைத்தல் ஆகாது. நனைந்த பட்டைத் தோல் ஏறக்குறைய 80 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுருங்கி விறைத்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூஞ்சணமே பெருந்தொல்லை. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபதைத் தாண்டி நீடித்தால் அது தோன்றுவது இயல்பு. பையை வெளியே கொண்டுசென்று உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, ஸ்பிரிட்டும் நீரும் சம அளவு கலந்து நனைத்த துணியால் துடைப்பது பயன் தரும். சாயம் போகாமையை முதலில் மறைவிடத்தில் சோதித்துக்கொள்க. பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே சிறைப்படுத்துமாதலின், வெளுத்த பருத்தித் துணியில் சுற்றுவதே நன்று.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. செருப்பை விளக்கெண்ணெயில் ஊறவைப்பது நாட்டுப்புற வழக்கம். அது செருப்புக்குப் பொருந்தும். பைக்கோ, தேன்மெழுகு கலந்த பசையை ஆண்டுக்கு இரண்டு முறை மெல்லியதாகத் தேய்த்தலே போதுமானது. மிகுதியாகப் பூசிய எண்ணெய் தோலைக் கறுக்கச் செய்து, தூசியையும் பூஞ்சணத்தையும் வரவழைத்து, தையல் நூலையும் உளுக்கச் செய்யும். தையலில் ஒரு கண்ணி விட்டதும் தைப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். வார் அறுந்த பின் செய்யும் தையல் பழைய துளைகளைப் பெரிதாக்குமேயன்றிப் பலம் தராது. இத்தனைக்கும் மேலாக, நாள்தோறும் கையோடு செல்லும் பையைவிட, பீரோவில் பூட்டி வைத்த பையே மழைக்காலத்தில் முதலில் பூஞ்சணம் பிடிக்கிறது.