திருப்பூர் வளர்ந்த கதையும் நொய்யல் தந்த விலையும்

ஒரு நகரம் வளர்கிறது என்பதை எதைக் கொண்டு அறிகிறோம்? உயரும் கட்டடங்களையும், விரியும் சாலைகளையும், ஏறும் நில விலையையும் கண்டே பெரும்பாலோர் அதனை அளவிடுகின்றனர். கோவை விளாங்குறிச்சியில் 2010ஆம் ஆண்டு டைடல் பூங்கா அமைந்தபின் கணினி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததையும், அவினாசிச் சாலையின் தோற்றமே மாறியதையும் நாம் கண்கூடாகக் கண்டோம். இப்பொழுது அவ்வலை நம் திருப்பூரின் வாயிலையும் எட்டிவிட்டது. திருமுருகன்பூண்டியில் சிறு டைடல் பூங்கா எழுந்துள்ளது. பனியன் தொழிலாளரின் பிள்ளைகள் கணினியின் முன் அமரும் காலம் வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், புதிய செல்வத்தை வரவேற்குமுன், பழைய செல்வம் நமக்கு எவ்வாறு வந்தது, அதற்கு விலை கொடுத்தவர் யார் என்று எண்ணிப் பார்ப்பது நலம்.

பருத்தியிலிருந்து பின்னலுக்கு

திருப்பூர் முதலில் ஒரு பருத்திச் சந்தை. 1860களில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் சென்ற இருப்புப்பாதை இவ்வூரைத் தொட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியப் பருத்தி கொங்கு நாட்டில் பரவியபோது, பஞ்சரைக்கும் ஆலைகளும் கிடங்குகளும் பெருகின. 1920களில் இவ்வூர் கதர் இயக்கத்தின் முதன்மையான நிலையமாய் விளங்கியது. கொடி காத்த குமரன் 1932 சனவரியில் உயிர் நீத்ததும் இம்மண்ணில்தான். அதே 1920களின் நடுவில், காதர்பேட்டையில் பனியன் பின்னும் எந்திரமும் ஓடத் தொடங்கிற்று.

ஐம்பது ஆண்டுகள் உள்நாட்டுக்கே பனியன் தந்த ஊரைத் தேடி, 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர் வந்தனர். அதன்பின் நிகழ்ந்தது வியத்தகு மாற்றம். 1984இல் பத்துக் கோடி ரூபாயை ஒட்டியிருந்த ஏற்றுமதி, 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடியை எட்டியது. ஏற்றுமதியாளர் சங்கம் 1990இல் தோன்றியது. 2008இல் திருப்பூர் மாநகராட்சியாயிற்று. 2009இல் தனி மாவட்டமாயிற்று. வெளியூரிலிருந்து வந்த பெருமுதலாளிகள் மட்டும் எழுப்பிய நகரமன்று இது. கிணற்றுப் பாசனத்தை நம்பி வாழ்ந்த உழவர் மக்கள் பனியன் கூடத்தில் தொழிலாளராய் நுழைந்து, பின் தாமே முதலாளிகளாய் உயர்ந்த வரலாறு இதற்கு உண்டு. அவ்வுழைப்பை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது.

கணக்கில் எழுதப்படாதவை

ஆனால் அந்த வளர்ச்சியின் பேரேட்டில் இரண்டு செலவுகள் நெடுங்காலம் எழுதப்படவேயில்லை.

முதற்செலவு நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் சிற்றாறு அது. துணியில் சாயம் பிடிக்க உப்பு மிகுதியாக வேண்டும். துணியை அலச நீர் மிகுதியாக வேண்டும். சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் அவ்வுப்புநீரை ஆற்றில் விட்டன. உழவர் பாசனத்திற்கென்று 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குளமாயிற்று. கீழ்மடை ஊர்களில் கிணறுகள் கெட்டன. நிலங்கள் உவர் பூத்தன. 1990களின் இறுதியில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரின் நிறத்தைக் குறைத்தன, உப்பை நீக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்த குற்றம் மறைந்தது. தெரியாத குற்றம் நிலத்தடிக்கு இறங்கியது.

ஆற்றங்கரையில் உள்ள நகரம் குடிக்கவும் சாயமிடவும் லாரித் தண்ணீரை நம்பியது. சுற்றுப்புறச் சிற்றூர்களின் கிணறுகள் விற்பனைக் கிணறுகளாயின. இறுதியில், பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீரைக் குழாய் வழியே கொணரும் திட்டம் 2005இல் நிறைவுற்றது. தன் ஆற்றைக் கெடுத்துக்கொண்ட ஊர் வேறோர் ஆற்றிடம் கையேந்த நேர்ந்தது.

கீழ்மடை உழவர்கள் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 2011 சனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அங்குப் பணிசெய்தோர் தெருவில் நின்றனர். பின்னர் அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் வழங்கியது. கழிவுநீரை ஆற்றில் விடாமல், உப்பையும் நீரையும் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தும் முறை வேரூன்றியது. இன்று அம்முறைக்காகத் திருப்பூரைப் புகழ்கின்றனர். புகழட்டும். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய செலவு அது. இடைப்பட்ட காலத்தில் அதனைச் செலுத்தியவர், ஒரு பனியன்கூட ஏற்றுமதி செய்திராத உழவர்.

இரண்டாவது செலவு தொழிலாளர். 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன்பின் பெருங்கூடங்களின் பணி சிறுசிறு கூடங்களுக்கும் ஒப்பந்தக்காரர்க்கும் பிரித்தளிக்கப்படுவது பெருகிற்று. 'ஒன்றரை ஷிப்ட்' என்னும் பன்னிரண்டு மணி நேர உழைப்பு இயல்பான சொல்லாகிவிட்டது. தென் மாவட்டங்களிலிருந்தும், பின்னர் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தோர் ஓர் அறையில் பலராய்த் தங்கித் தைத்தனர். 2020இல் ஊரடங்கு வந்தபோது அவர்களுள் எத்தனையோ பேர் ஊர் திரும்பத் தவித்ததைக் கண்டோம். 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோதும், எங்கோ எழுதப்பட்ட ஓர் ஆணை முதலில் சுட்டது பீஸ் கணக்கில் கூலி பெறுவோரின் அடுப்பைத்தான்.

புதியவர்களிடம் கேட்க வேண்டியது

கணினி நிறுவனம் ஆற்றில் சாயம் கலக்காதே என்று சிலர் கூறலாம். உண்மை. ஆனால் அக்கட்டடத்திற்கும் தண்ணீர் வேண்டும். அதன் வருகையால் வீட்டு வாடகை ஏறும். அதனைப் பெருக்கித் துடைப்பவரும், காவல் நிற்பவரும், வண்டி ஓட்டுபவரும் ஒப்பந்தக்காரரின் ஆட்களாகவே இருப்பர்; நிறுவனத்தின் பட்டியலில் அவர்கள் பெயர் இராது. ஆகவே எழுதப்படாத செலவு புதிய வடிவில் திரும்பி வரக்கூடும்.

மூலதனத்தைவிட உழைப்பே முந்தியது என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றிய திருமடலில் கற்பித்தார். மறையுரை மேடைக்கு மட்டும் உரிய கருத்தன்று அது. ஒரு நிறுவனத்திற்கு நிலம் ஒதுக்கும் நாளில், மாநகராட்சி மன்றத்திலும் வணிகர் சங்கத்திலும் கேட்கத்தக்க கேள்வியாக அது மாற வேண்டும்: இதற்கு நீர் எங்கிருந்து வரும்? இதில் உழைப்போர் எங்கே தங்குவர்? மந்தம் வந்தால் முதலில் வெளியே நிற்பவர் யார்?

இக்கேள்விகளை வளர்ச்சிக்குப் பகையென்று எண்ண வேண்டா. முன்னரே கேட்டிருந்தால் ஓர் ஆறு பிழைத்திருக்கும். 2011இல் அத்தனை பட்டறைகள் ஒரே நாளில் அடைபட்டிரா. நம் இல்லங்களிலிருந்து புதிய அலுவலகங்களுக்குச் செல்லவிருக்கும் இளைஞர்கள், ஒரத்துப்பாளையத்தை ஒருமுறை நேரில் சென்று காண்பார்களாக. தங்கள் நகரம் எதைக் கொடுத்து எதை வாங்கியது என்பதை அறிந்தவர்களாய் அவர்கள் பணியில் அமர்வது நல்லது.