இரட்டைப் பிள்ளைகள் ஒரே நாளில் பாலிகாவார்களா?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் இன்று பல பள்ளிகளில் இரட்டைப் பிள்ளைகளைக் காண்கிறோம். குழந்தைப்பேறு சிகிச்சை பெருகியதும் இதற்கு ஒரு காரணம். அவர்கள் பத்து, பதினொரு வயதை எட்டும்போது பெற்றோருக்கு ஒரு கவலை வருகிறது. ஒரு மகள் பெரியவளாகிவிட்டாள். அவளுடன் பிறந்தவள் இன்னும் ஆகவில்லை. இதில் ஏதேனும் குறை இருக்கிறதா? இருவருக்கும் நோன்பு கடமையா?

எவ்வளவு வித்தியாசம் வரலாம்?

பருவமடையும் நேரத்தைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிக்கிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த இரட்டையருக்கு மரபணு ஏறக்குறைய ஒன்றே. எனவே அத்தகைய சகோதரிகளின் முதல் மாதவிடாய் பொதுவாகச் சில மாத இடைவெளிக்குள் வந்துவிடும். இரண்டு தனிக் கருக்களாக உருவானவர்கள் மரபணுவில் சாதாரண அக்கா தங்கை போன்றவர்களே. அவர்களுக்குள் ஒரு வருடம் வித்தியாசம் வருவது இயல்பு. சிகிச்சை மூலம் பிறக்கும் இரட்டையரில் பெரும்பாலோர் இந்த வகையினர்.

உடல் எடை, ஊட்டச்சத்து, நீண்டகால நோய் ஆகியவையும் நேரத்தை மாற்றும். எடை கூடிய பெண் பிள்ளைகள் சற்று முன்னதாகவே பருவமடைகிறார்கள்.

ஆணும் பெண்ணுமாகப் பிறந்தவர்களில் பெண் பிள்ளைக்கே பொதுவாக முதலில் மாற்றம் தொடங்கும். அவள் வேகமாக உயர்வாள். அவன் பின்னர் எட்டிப் பிடிப்பான். "அவளைப் பார், நீ ஏன் குட்டையாக இருக்கிறாய்?" என்று அவனிடம் கேட்பது தேவையற்ற காயம்.

மருத்துவரை எப்போது பார்க்க வேண்டும்?

- பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்பும், ஆண் பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்பும் மாற்றங்கள் தொடங்கினால்.
- 13 வயதாகியும் மகளுக்கு மார்பக வளர்ச்சி தொடங்காவிட்டால், அல்லது 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டால்.
- 14 வயதாகியும் மகனுக்குப் பருவ மாற்றம் எதுவும் தெரியாவிட்டால்.

இந்த வரம்புகளுக்குள் ஒருவர் முந்துவதும் மற்றவர் பிந்துவதும் நோயல்ல. வரம்பைத் தாண்டினால் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை ஆகியவை நம் பகுதியினர் சென்று வரக்கூடியவை.

மார்க்கக் கடமை யாருக்கு?

மார்க்கத்தில் கடமை பிறந்த தேதியைப் பார்த்து ஜோடியாக வருவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவே வருகிறது. மாதவிடாய் வந்த மகளுக்கு அப்போதிருந்தே தொழுகையும் ரமலான் நோன்பும் கடமை. மாதவிடாய் நாட்களில் விடுபட்ட நோன்பை அவள் களாச் செய்ய வேண்டும். தொழுகையைக் களாச் செய்ய வேண்டியதில்லை. ஆண் பிள்ளைக்கு இந்திரியம் வெளிப்படுவது அடையாளம். அடையாளம் தோன்றாத பிள்ளைக்கு நோன்பு பழக்கமே தவிர, கடமையல்ல.

அடையாளமே தோன்றாவிட்டால் ஹிஜ்ரி கணக்கில் 15 வயது நிறைவதே எல்லை. ஷாஃபிஈ மத்ஹபின் கருத்தும், ஹனஃபி மத்ஹபில் ஃபத்வா வழங்கப்படும் கருத்தும் இதுவே. இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு 14 வயதில் உஹதுப் போரில் அனுமதி கிடைக்கவில்லை, 15 வயதில் அகழ்ப் போரில் கிடைத்தது என்ற புகாரி ஹதீஸ் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. ஹிஜ்ரி 15 என்பது ஆங்கிலக் கணக்கில் ஏறத்தாழ பதினான்கரை வயது. ஆகவே பள்ளிச் சான்றிதழில் உள்ள வயதை மட்டும் பார்த்துக் காத்திருக்கக் கூடாது.

பெற்றோர்களே! குளிப்பு, தொழுகை, நோன்பு பற்றிய சட்டங்களை இருவருக்கும் முன்கூட்டியே ஒன்றாகக் கற்றுக்கொடுங்கள். முந்தியவரின் செய்தியை உறவினர் கூடும் இடத்தில் பேசாதீர்கள், பிந்தியவரை ஒப்பிடாதீர்கள். பிறந்த நாள் ஒன்றாக இருக்கலாம்; பருவமடையும் நாள் அவரவருக்கு அல்லாஹ் விதித்தது.